சிவப்பு எழுத்தில் ஒரு எண்: புற்றுநோய்ப் பரிசோதனைகள், வாசகர் கேள்விகள்

புற்றுநோய்ப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னோம், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதில் பாதிக்கு மேல் "இந்த எண் கூடியிருக்கிறதே, பயப்படணுமா?" என்பதுதான். நான் பயாப்ஸி சதையை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற ஆள். நோயாளியின் முகத்தை அநேகமாகப் பார்ப்பதே இல்லை. ஆனால் என் ஒரு வரிக்காக வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

எனக்கு 34 வயது. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சி.ஏ. 125 என்று ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். 35-க்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு 52. ரிப்போர்ட்டில் சிவப்பில் வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் சினைப்பைப் புற்றுநோய் என்கிறது. நான்கு நாளாகத் தூக்கமில்லை டாக்டர்.

ரத்தம் கொடுத்தபோது உங்களுக்கு மாதவிலக்கா? முதலில் அதைச் சொல்லுங்கள். சி.ஏ. 125 என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு, அந்த நாட்களில் அது ஏறுவது சாதாரணம். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் மாதிரியான சதை வெளியே வளர்வது) இருந்தால் ஏறும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஏறும், கருப்பைக் கட்டி, இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் சுருக்கம், வயிற்றில் காசநோய் எல்லாவற்றிலும் ஏறும். காசநோயில் சில சமயம் நூற்றுக்கணக்கில் ஏறி, வயிற்றில் நீரும் கோத்து, புற்றுநோயைப் போலவே வேஷம் போட்டு எங்களையே ஏமாற்றப் பார்க்கும். எந்தக் கோளாறும் இல்லாத பெண்களிலேயே நூற்றுக்கு ஒருவருக்கு 35-ஐத் தாண்டி இருக்கும்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு இன்னும் கவலை. தொடக்க நிலைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு நார்மலாகவே இருக்கும். ஆக, கூடினால் புற்றுநோய் என்றும் இல்லை, கூடவில்லையென்றால் இல்லை என்றும் இல்லை. அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு? நோய் இன்னதென்று ஏற்கெனவே உறுதியான பெண்ணுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க. 600-ல் தொடங்கியவருக்கு மூன்று கீமோ முடிந்ததும் 80-க்கு வந்துவிட்டதென்றால் அந்த எண் உண்மையிலேயே ஒரு சேதி சொல்கிறது. அறிகுறி எதுவுமில்லாத 34 வயதுப் பெண்ணிடம் அது உளறும். பேக்கேஜ் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், பல தடவை சொல்லியாகிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது மகப்பேறு மருத்துவர் ஒருவரின் நேரடிப் பரிசோதனை, இடுப்புப் பகுதி அல்ட்ராசவுண்ட், மாதவிலக்கு முடிந்த பிறகு அதே லேபில் இன்னொரு முறை ரத்தம். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் வருவது போன்றவை வாரக்கணக்கில் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவை அந்த எண்ணைவிட முக்கியம்.

மாமனாருக்குக் கழுத்தில் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். "ஊசி பட்டால் தூங்குகிறதைத் தட்டி எழுப்பின மாதிரி, உடம்பெல்லாம் பரவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்: ஒருவருக்கு பயாப்ஸி எடுத்தார்கள், இரண்டு மாதத்தில் நோய் முற்றிவிட்டது. ஆனால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கட்டி வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, வலி வந்த பிறகு மருத்துவமனைக்குப் போய், அப்புறம் பயாப்ஸி எடுக்கும்போதே நோய் வேறு இடங்களுக்குப் போயிருக்கும். பழி மட்டும் ஊசி மேல் விழுகிறது.

ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்வது நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நடக்கும், மிக அரிதாக. கல்லீரல் புற்றுநோயில் அது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நடப்பதாகக் கணக்கு இருக்கிறது. அதனால்தான் கல்லீரல் சுருங்கிப்போன ஒருவருக்கு சி.டி. ஸ்கேனிலேயே கட்டியின் அடையாளம் தெளிவாகத் தெரிந்தால் ஊசியே போடாமல் சிகிச்சைக்குப் போய்விடுவார்கள். விரைக் கட்டியில் விதைப்பை வழியாக ஊசி போடக்கூடாது, இடுப்பு மடிப்பு வழியாக விரையையே எடுத்துத்தான் பார்ப்பார்கள். தொடக்க நிலை என்று சந்தேகப்படும் சினைப்பைக் கட்டியையும் குத்த மாட்டார்கள். அதாவது, எங்கே பயப்பட நியாயம் இருக்கிறதோ அங்கே மருத்துவர்கள் உங்களுக்கு முன்னாலேயே பயந்து வைத்திருக்கிறார்கள். கழுத்துக் கட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கழுத்துக் கட்டி காசநோயாக இருக்கலாம், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வாயிலோ தொண்டையிலோ இருக்கும் புற்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். நான்குக்கும் நான்கு வேறு சிகிச்சை. வெளியிலிருந்து தடவிப் பார்த்து நானும் சொல்ல முடியாது, வேறு யாரும் சொல்ல முடியாது. முதலில் மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவார்கள், ரத்தம் எடுப்பது மாதிரிதான். அதில் தெளிவாகவில்லையென்றால் சற்றே தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுப்பார்கள், லிம்ஃபோமா சந்தேகம் என்றால் முழுக் கட்டியையே எடுத்துத் தரச் சொல்லி நாங்களே கேட்போம். உதிர்ந்த செங்கல்லைப் பார்த்து வீட்டின் வரைபடம் போட முடியாதில்லையா, அதனால்.

பயாப்ஸி கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. ரத்தப் பரிசோதனை சாயங்காலமே வருகிறதே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

திட்டு எனக்குத்தான் என்று புரிகிறது. சதையை முதலில் ஃபார்மலினில் ஊறவைக்க வேண்டும். மார்பகச் சதை என்றால் குறைந்தது 6 மணி நேரம், 72 மணிக்கு மேல் போகவும் கூடாது. அப்புறம் ஈரத்தை நீக்கி, மெழுகில் பதித்து, 4 மைக்ரான் அளவுக்குச் சீவி (ஒரு மில்லிமீட்டரில் 250 சீவல் வரும்!), சாயம் ஏற்றிப் பார்ப்போம். எலும்பு என்றால் அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கவே தனியாகச் சில நாள். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்று நான்கு நாளில் முடியும். புற்றுநோய்தான், ஆனால் எந்த உறுப்பிலிருந்து வந்தது, எந்த மருந்து கேட்கும் என்று தெரிய வேண்டுமானால் ஐ.எச்.சி. என்ற அடுத்த சாயப் பரிசோதனை. மார்பகப் புற்றில் ஹெர்2 என்ற புரதம் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்று வந்தால் இரண்டும் கெட்டான். அதற்கு ஃபிஷ் என்று மரபணுவை எண்ணும் இன்னொரு பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரம் போனது நோய் வளர்ந்துவிடும் அளவுக்கான காலம் இல்லை. அவசரப்பட்டுத் தப்பான மருந்தைத் தொடங்குவதுதான் நஷ்டம்.

ஒன்பது நாள் ஆகியும் ஒரு தகவலும் இல்லையென்றால் மட்டும் போன் செய்து "ஐ.எச்.சி.க்குப் போயிருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன். இதில் எது பெஸ்ட்?

சுத்தியல், ரம்பம், திருப்புளியில் எது பெஸ்ட்? நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் சி.டி. வேகமாகப் படம் தரும். மூளை, தண்டுவடம், மலக்குடல், கருப்பை வாய், புராஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. மெல்லிய வித்தியாசங்களைக் காட்டும், கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெட் ஸ்கேன் உடம்பு முழுக்க எங்கே சர்க்கரை அதிகம் செலவாகிறது என்று காட்டும். கடைசியில் வந்ததும் செலவு கூடியதும்தான் உசத்தி என்று நினைத்து "பெட் எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கேட்பவர்கள் அதிகம், அதனால்தான் அடுத்த கேள்வி.

அப்பாவுக்குக் குடல் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்தது. பெட் ஸ்கேனில் நெஞ்சுக்குள் ஒரு நெரிகட்டி "ஒளிர்கிறது", எஸ்.யூ.வி. 6 என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சுக்குப் பரவிவிட்டதா? எஸ்.யூ.வி. எத்தனை இருந்தால் கேன்சர்?

எஸ்.யூ.வி. என்பது ஓர் இடம் எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் அளவு. இத்தனை இருந்தால் கேன்சர் என்று ஒரு எல்லைக்கோடு கிடையாது, இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பெட் ஸ்கேனில் ஊசி வழியாக ஏற்றுவது சர்க்கரையின் இரட்டைப் பிறவி மாதிரியான ஒரு பொருள், அதில் கதிரியக்க ஃபுளோரின் 18 ஒட்டியிருக்கும். பசியோடு இருக்கும் எந்தச் செல்லும் அதை விழுங்கும். புற்றுச் செல்லுக்குப் பசி அதிகம் என்பது உண்மை. ஆனால் காசநோயோடு சண்டை போடும் செல்லுக்கும் பசிதான், நிமோனியாவிலும் அப்படித்தான், ஆபரேஷன் புண் ஆறும்போதும் அப்படித்தான். மூளை எப்போதும் ஜொலிக்கும். சிறுநீர்ப்பை ஒளிர்வது மருந்து அதன் வழியாக வெளியேறுவதால். தடுப்பூசி போட்ட கையின் அக்குள் நெரிகட்டிகூட ஒளிரும், கொரோனா தடுப்பூசிக் காலத்தில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டோம்.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் கேட்பது இவை: பழைய சி.டி.யில் அந்த நெரிகட்டி இருந்ததா, அளவு மாறியிருக்கிறதா? முன்பு காசநோய் வந்ததுண்டா? குடல் புற்று வழக்கமாகப் போகும் இடங்கள் கல்லீரலும் நுரையீரலும். அவை இரண்டும் சுத்தமாக இருந்து, நெஞ்சின் நடுவில் ஒரு நெரிகட்டி மட்டும் ஒளிர்கிறதென்றால் எனக்கு உடனே புற்றுநோய் என்று தோன்றாது. அதற்காக அலட்சியமாக விடவும் மாட்டேன். மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை அனுப்பி அந்த நெரிகட்டியிலிருந்து ஊசியால் எடுக்க முடியும், அல்லது சில வாரம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம். எது சரி என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஸ்கேனை மட்டும் நம்பி "நான்காம் கட்டம்" என்று எழுதிவிடுவதைத் தவிர வேறு எதுவும் பரவாயில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 8, 10 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டி, மெதுவாக வளரும் சில வகைப் புற்று இரண்டும் பெட் ஸ்கேனில் ஒளிராமல் போகலாம். புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.எம்.ஏ. என்று வேறு மருந்து வைத்து எடுப்பது அதனால்தான்.

இன்னொரு வாசகி ஸ்கேனுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஓட்டம், உடற்பயிற்சி வேண்டாம். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, வெறும் தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும், இன்சுலின் போடுபவர்கள் எப்போது போடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், பேச்சுகூட வேண்டாம், பேசினால் தொண்டைத் தசையும் ஒளிரும். மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதனால் அன்று மட்டும் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்காமல் இருந்தால் போதும், மறுநாள் அது உடம்பில் இருக்கிற இடமே தெரியாது.

வயது 66. பி.எஸ்.ஏ. 6.2. ஒரு டாக்டர் பயாப்ஸி என்கிறார், ஒருவர் பொறுக்கலாம் என்கிறார். என் நண்பருக்கு வெறும் 0.4 தான், அவருக்கு நோய் திரும்பிவிட்டது என்று ரேடியேஷன் கொடுக்கிறார்கள். தலை சுற்றுகிறது.

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வரும் ஒரு புரதம். உங்கள் நண்பருக்குப் புராஸ்டேட்டை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எடுத்த பிறகு பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும், 0.2-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு சுரப்பி உள்ளேயே இருக்கிறது, அது வயதோடு பெரிதாகும், பெரிதானால் பி.எஸ்.ஏ. கூடத்தான் செய்யும். 4-லிருந்து 10 வரை உள்ளவர்களுக்கு பயாப்ஸி எடுத்தால் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஒரே பரிசோதனை, ஒரே யூனிட், ஆனால் இரண்டு பேரிடமும் வேறு வேறு கேள்வி கேட்கிறது.

இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. சிறுநீர்த் தொற்று இருந்தால் குணமாகிச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள், முந்தின இரண்டு நாள் சைக்கிள் ஓட்டுவதும் உடலுறவும் வேண்டாம். அப்போதும் கூடவே இருந்தால் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் அந்த இடத்தில் பயாப்ஸி. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுகிறீர்களா? அது பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் காட்டும், உங்கள் 6.2 உண்மையில் 12 ஆக இருக்கலாம். இதைச் சொல்ல மறப்பவர்கள் நிறைய.

ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலும் ரத்தம் எடுக்கிறார்கள். போன தடவை கவுன்ட் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தள்ளிப்போட்டால் நோய் கூடாதா?

ஒரு வாரத் தள்ளல் பெரும்பாலும் பாதிக்காது. கீமோ வேகமாகப் பிரியும் செல்களை அடிக்கும், எலும்பு மஜ்ஜையும் அதில் மாட்டிக்கொள்ளும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14-ஆம் நாளுக்குள் அடிமட்டத்துக்குப் போய் அப்புறம் ஏறும். அது ஏறி வருவதற்குள் அடுத்த டோஸ் கொடுத்தால் கிருமி புகுந்து ஆளையே கொண்டுபோய்விடும். கிரியேட்டினின் பார்ப்பது சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று. பிலிருபின் பார்ப்பது கல்லீரல் மருந்தை வெளியேற்றுமா என்று. ஹெர்2 பாசிட்டிவ் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் மருந்து போடுபவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுப்பது இதயத்துக்காக.

இவற்றில் ஒன்றுகூட புற்றுநோயைப் பற்றிய பரிசோதனை இல்லை, உங்களைப் பற்றியது. ஒன்றே ஒன்று, இதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்: கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. வெள்ளணு இல்லாதவருக்குச் சீழ் பிடிக்காது, வீக்கம் வராது, காய்ச்சல் ஒன்றுதான் மணி அடிக்கும்.

மேமோகிராமில் "பைராட்ஸ் 0" என்று வந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே?

இல்லை! பைராட்ஸ் என்பது மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயின் முடிவுக்குப் போடும் எண். அதில் பூஜ்யம் என்றால் "இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் படம் வேண்டும்" என்று பொருள். 1, 2 தான் நிம்மதி. 3 என்றால் நூற்றுக்கு 98 பேருக்குப் பிரச்சினை இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் பயாப்ஸி. இந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ரிப்போர்ட்டை பீரோவில் வைத்தவர்கள் உண்டு, நீங்கள் போய்விடுங்கள்.

மூன்று மாத மருந்துக்குப் பிறகு சி.டி.யில் "ஸ்டேபிள் டிசீஸ்" என்று வந்தது. அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள். மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த வார்த்தைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. முக்கியக் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அது 30 சதவீதம் குறைந்தால்தான் "பகுதிக் குறைவு" என்று எழுதலாம், 20 சதவீதம் கூடினால் "வளர்கிறது". நடுவில் வரும் எல்லாம் ஸ்டேபிள். 25 சதவீதம் குறைந்தாலும் ஸ்டேபிள்தான்! உருண்டையான கட்டியின் விட்டம் கால்வாசி குறைந்தால் கன அளவில் பாதிக்கு மேல் போயிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பரவிய நோயில் வளராமல் நின்றதே பல மருந்துகளுக்கு வெற்றிதான். ரிப்போர்ட்டின் கடைசி வரியை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் அளவுகளைப் பழைய ரிப்போர்ட்டோடு அக்காவுக்கு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

அம்மாவுக்குத் தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய், சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம். டாக்டர் கையால் பரிசோதித்து, வருஷத்துக்கு ஒரு மேமோகிராம் எழுதுவதோடு சரி. பெட் ஸ்கேன், மார்க்கர் என்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதுவதில்லை. அலட்சியமா?

அலட்சியம் இல்லை, படித்தவர். இதை ஆராய்ந்து 1994-ல் இத்தாலியிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒரு பிரிவினருக்கு அடிக்கடி எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் எல்லாம், இன்னொரு பிரிவினருக்கு உங்கள் அம்மாவுக்குச் செய்கிற மாதிரி. உயிர் பிழைப்பதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. பரவியதைச் சில மாதம் முன்னதாகத் தெரிந்துகொண்டதால் முடிவு மாறவில்லை, கவலைப்பட்ட காலம்தான் நீண்டது. இன்றும் வழிகாட்டு நெறிகள் இதையேதான் சொல்கின்றன.

ஆனால் இதைக் குடல் புற்றுநோய்க்குப் பொருத்தாதீர்கள். அங்கே ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதத்துக்கு ஒரு முறை சி.இ.ஏ. என்ற மார்க்கரை ரத்தத்தில் பார்ப்பதும், குறிப்பிட்ட இடைவெளியில் சி.டி. எடுப்பதும் அவசியம், ஏனென்றால் கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் திரும்பி வந்தால் அதை வெட்டி எடுத்தே குணப்படுத்த வாய்ப்பு உண்டு. முன்னதாகத் தெரிந்தால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் விஷயம். அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: விடாத முதுகுவலி, இருமல், மூச்சுத் திணறல், தலைவலி, எடை இறக்கம் என்று ஏதாவது வாரக்கணக்கில் இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அப்போது அதே டாக்டர் ஸ்கேன் எழுதுவார்.

ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிக்கலாமாமே?

ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் பரிசோதனையைச் சொல்கிறீர்கள். நுரையீரல் புற்று ஏற்கெனவே உறுதியானவருக்கு எந்த மாத்திரை பொருந்தும் என்று பார்க்க அது நிஜமாகவே உதவுகிறது, 2016-லேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆரோக்கியமானவர்களுக்கு எல்லாப் புற்றுநோயையும் ஒரே தடவையில் வடிகட்டும் பரிசோதனையாக அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. தொடக்க நிலையில் கட்டி சிறியது, உதிரும் துணுக்கும் குறைவு, அங்கேதான் அது தவறவிடுகிறது. அதுவரை கருப்பை வாய்க்கு எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனை, மார்பகத்துக்கு மேமோகிராம், குடலுக்கு மலப் பரிசோதனையோ கொலனாஸ்கோப்பியோ, பல வருடம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எல்லாம் பழசுதான், ஆனால் உயிரைக் காப்பாற்றும் என்று காட்டியவை.

வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்கப் போகிறோம். எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் என்றால் படங்கள் அடங்கிய குறுந்தகடு அல்லது இணைய இணைப்பு. பயாப்ஸி என்றால் கண்ணாடி ஸ்லைடுகளும் மெழுகு பிளாக்கும். லேப்கள் பிளாக்கைப் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும், எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், சங்கடப்பட வேண்டாம். என் ஸ்லைடை இன்னொருவர் பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, சந்தேகமான கேஸ்களை நானே மற்றவர்களுக்கு அனுப்புகிறேன். பிளாக்கைக் கைப்பையில் வைத்து வெயிலில் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது மெழுகு, உருகிவிடும்.